ஒரே ப்ரெலூட், இரண்டு பிரதிகள்: எதைப் பார்த்து வாசிப்பது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் எழுதிய 'வெல்-டெம்பர்டு கிளாவியர்' என்ற கீபோர்டு தொகுப்பு, அதன் முதல் புத்தகத்தின் முதல் ப்ரெலூட் (முன்னிசைத் துண்டு), சி மேஜர். அதைப் பியானோவில் கற்கும் ஒருவர், இணையத்தில் இலவசமாக இறக்கிய பிரதியில் 36 பார் (தாளக் கட்டம்) இருக்கிறது, ஆசிரியர் கொடுத்த புத்தகத்தில் 35தான் இருக்கிறது என்கிறார். இலவசப் பிரதியில் க்ரெஷெண்டோ (சத்தம் கூட்டு), டிமினுவெண்டோ (சத்தம் குறை), ஸ்லர் (நோட்டுகளைச் சேர்த்து வாசிக்கச் சொல்லும் வளைகோடு), வேகக் குறி எல்லாம் நிறைந்திருக்கின்றன. ஆசிரியரின் புத்தகத்தில் நோட்டுகளைத் தவிர அனேகமாக ஒன்றுமே இல்லை. எது சரி? அட்டையில் 'உர்டெக்ஸ்ட்' (மூலபாடம்) என்று போட்ட புத்தகத்தை வாங்கிவிட்டால் கவலை தீருமா?

முதலில் அந்த ஒரு பாரின் கதை. 35தான் சரி. பாக் 1722இல் தன் கையால் எழுதிய படி பெர்லின் அரசு நூலகத்தில் இருக்கிறது. அதில் இந்த ப்ரெலூட் 35 பார். ஆனால் இந்தத் தொகுப்பு முதன்முதலில் அச்சேறியது 1801இல். நடுவில் ஏறத்தாழ 80 வருடம் மாணவர்களும் ரசிகர்களும் கையால் பார்த்தெழுதிய படிகளாகவே அது உலாவியது. ஹாம்பர்க்கில் பாக்கின் மகன் கார்ல் ஃபிலிப் எமானுவேலுக்குப் பின் இசைப் பொறுப்பேற்ற ஷ்வென்கே என்பவரின் படியில், 22ஆம் பாருக்கும் 23ஆம் பாருக்கும் நடுவே ஒரு புதிய பார் நுழைந்திருக்கிறது. அங்கிருந்து அது பல அச்சுப் பிரதிகளுக்குப் போனது. பிரெஞ்சு இசையமைப்பாளர் கூனோ 1853இல் இந்த ப்ரெலூடின் மேல் ஒரு மெலடி எழுதினார், பின்னாளில் 'ஆவே மரியா' என்று உலகமே பாடியது அதைத்தான். அவர் கையில் இருந்த பிரதியிலும் அந்தக் கூடுதல் பார் இருந்தது. அதனால் கூனோவின் பாட்டுக்கு வாசித்தால் 36 பாரும் வாசித்தே ஆகவேண்டும், மெலடி அதன் மேல்தான் நிற்கிறது. பாக்கைத் தனியாக வாசித்தால் அதற்கு இடமில்லை.

ஏன் அந்தப் பாரைச் சேர்த்தார்கள் என்பதைப் பார்த்தால்தான் பதிப்பு என்ற வேலையே புரியும். 22ஆம் பாரில் அடிக்குரல், அதாவது மிகத் தாழ்ந்த ஸ்வரம், எஃப் ஷார்ப். 23இல் அது நேராக ஏ ஃபிளாட்டுக்குத் தாவுகிறது. பிறகு 24இல் ஜி. 18ஆம் நூற்றாண்டுக் காதுக்கு அந்தத் தாவல் கரடுமுரடாக இருந்திருக்கும். நடுவில் ஜி-யை அடிக்குரலாக வைத்து ஒரு பார் போட்டால் எஃப் ஷார்ப், ஜி, ஏ ஃபிளாட் என்று படிப்படியாக ஏறிவிடுகிறது, இலக்கணமும் திருப்தியாகிவிடுகிறது. ஆனால் பாக் அங்கே செய்வதைக் கவனியுங்கள். ஜி-க்குக் கீழே ஒரு அரைப்படி, மேலே ஒரு அரைப்படி, அப்புறம் ஜி. அந்த ஜி வந்த பிறகு 24 முதல் 31 வரை எட்டு பார் அசையாமல் நிற்கிறது. வரப்போகும் அந்த ஸ்வரத்தை இரண்டு பக்கமும் சுற்றிவளைத்து, தொடாமல் வைத்திருக்கிறார். திருத்தியவர் அதை ஒரு பார் முன்பே தொட்டுவிட்டார். நல்லெண்ணத்தில் செய்த ஒரு சின்னச் சீர்திருத்தம், ப்ரெலூடின் முக்கியமான இழுவிசையைத் தளர்த்திவிட்டது. இரண்டு விதமாகவும் வாசித்துப் பாருங்கள், விரலே சொல்லும்.

இனி அந்தக் க்ரெஷெண்டோக்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவை பெரும்பாலும் காப்புரிமை காலாவதியான பழைய பதிப்புகள். இந்தத் தொகுப்பில் மிக அதிகமாகச் சுற்றுவது பீத்தோவனின் மாணவர் கார்ல் செர்னி 1837இல் பீட்டர்ஸ் நிறுவனத்துக்காகச் செய்தது. உங்கள் பிரதியின் தலைப்புப் பக்கத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அதிலும் அந்தக் கூடுதல் பார் உண்டு. பாக் இந்தத் தொகுப்பில் வேகத்துக்கு வார்த்தை எழுதியிருப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களில்தான். சத்தம் கூட்டு, குறை என்ற குறிகள் இல்லை என்றே சொல்லலாம். அப்படியானால் செர்னி பதிப்பில் இருக்கும் அத்தனையும் செர்னியுடையவை. அவரே அதன் முன்னுரையில், பல ஃபியூக்குகளை (ஒரே கரு பல குரல்களில் மாறி மாறி வரும் துண்டுகளை) பீத்தோவன் வாசித்துத் தான் கேட்ட நினைவையும் அடிப்படையாகக் கொண்டதாகச் சொல்கிறார். பீத்தோவன் பான் நகரில் சிறுவனாக இருக்கும்போதே நேஃபேயிடம் இந்தத் தொகுப்பைப் படித்தவர். ஆக அந்தக் குறிகளைக் குப்பை என்று நான் சொல்லமாட்டேன். 1800களின் தொடக்கத்தில் வியன்னாவில் பாக்கை எப்படிக் கேட்டார்கள் என்பதற்கு அவை அருமையான சாட்சி. பாக் என்ன நினைத்தார் என்பதற்கு அவை சாட்சி ஆகா. சிக்கல் என்னவென்றால், பாக்கின் நோட்டும் செர்னியின் குறியும் ஒரே மையில், ஒரே அளவில் அச்சாகியிருக்கின்றன. பிரித்துப் பார்க்க வாசிப்பவருக்கு வழியே வைக்கவில்லை. என் ஒரே குறை அதுதான்.

19ஆம் நூற்றாண்டு முழுக்க இப்படித்தான் போயிற்று. பெரிய கலைஞர்கள் பதிப்பாசிரியர்களாக உட்கார்ந்து, தாங்கள் வாசித்த விதத்தைக் கற்பிக்கும் புத்தகங்களாகவே பழைய மேதைகளை அச்சிட்டார்கள். ஹான்ஸ் ஃபான் பியூலோவின் பீத்தோவன், 1894இல் வந்த புசோனியின் பாக் எல்லாம் அந்த வகை. புசோனியின் அடிக்குறிப்புகளை இன்றைக்கும் நான் ஆசையாகப் படிக்கிறேன். ஒரு ஃபியூக்கை உள்ளே திறந்து காட்டுவதில் அவருக்கு இணை குறைவு. பின்னால் 1920களில் பீத்தோவன் சொனாட்டாக்களைப் பதிப்பித்த ஷ்னாபெல், தன் சேர்க்கைகளைச் சின்ன எழுத்தில் போட்டார். அது பெரிய மாற்றம்.

இதற்கு எதிர்வினையாகத்தான் பெர்லின் கலைக் கழகம் 1895 முதல் 'உர்டெக்ஸ்ட்' என்ற பெயரில் சேர்க்கைகள் இல்லாத பதிப்புகளை வெளியிட்டது. 1948இல் குண்டர் ஹென்லே தன் பதிப்பகத்தைத் தொடங்கிய பிறகு அந்தச் சொல் ஊரெங்கும் பரவியது. ஹென்லேயின் நீல அட்டையைப் பார்த்ததும் 'இதுதான் அசல்' என்று பலர் நிம்மதி அடைகிறார்கள். அந்த நிம்மதி முழுக்க நியாயமானது இல்லை. அதே நீல அட்டைக்குள் இருக்கும் விரல் எண்கள் பெரும்பாலும் ஒரு பியானிஸ்ட் சேர்த்தவை. அதை விடுங்கள், அது சின்ன விஷயம். பெரிய விஷயம், பல படைப்புகளுக்கு 'அசல்' என்று ஒன்றைக் கையில் எடுத்துக் காட்டவே முடியாது.

பாக்கின் ஆறு செல்லோ சூட்களை (நடன இசைத் தொகுப்புகளை) எடுத்துக்கொள்ளுங்கள். இசை வாசிப்பவர் யாராக இருந்தாலும், செல்லோ தொட்டதே இல்லை என்றாலும், இந்தக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பேன். பாக் எழுதிய மூலப்படி தொலைந்துவிட்டது. இருப்பவை பிறர் எழுதிய படிகள். ஒன்று 1726இல் கெல்னர் என்ற ஆர்கன் கலைஞர் எழுதியது. ஐந்தாம் சூட் அதில் முழுமையாக இல்லை. இன்னொன்று பாக்கின் மனைவி அன்னா மக்டலேனா 1720களின் கடைசியில் அல்லது 1730ஐ ஒட்டி எழுதியது. இவை தவிர 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த இரண்டு படிகள், எழுதியவர் பெயர் தெரியாதவை. அப்புறம் 1824இல் பாரிஸில் வந்த முதல் அச்சு. நோட்டுகளில் இவற்றுக்குள் பாடபேதம் ஓரளவுதான். ஸ்லரில்தான் கலவரம். செல்லோவில் ஸ்லர் என்பது அலங்காரமில்லை. ஒரு வில் இழுப்பில் எத்தனை நோட்டு என்பதை அதுதான் முடிவு செய்கிறது. அதைப் பொறுத்து வில் கீழே போகிறதா மேலே வருகிறதா, எந்த நோட்டில் எடை விழுகிறது எல்லாமே மாறும். முதல் சூட்டின் ப்ரெலூடில் ஒரு பாருக்கு 16 நோட்டு. அன்னா மக்டலேனாவின் படியில் முதல் ஸ்லர் மூன்று நோட்டின் மேல் இருக்கிறதா, நான்கா? உற்றுப் பார்த்தாலும் தீராது. கோடு நோட்டுகளுக்கு மேலே மிதக்கிறது.

இங்கே ஆராய்ச்சியாளர்களுக்கு ஓர் அதிர்ஷ்டம் கிடைத்தது. தனி வயலினுக்கான சொனாட்டாக்களையும் பார்ட்டிட்டாக்களையும் பாக் 1720 என்று தேதியிட்டு எழுதிய மூலப்படி பத்திரமாக இருக்கிறது. அதையும் அன்னா மக்டலேனா நகலெடுத்திருக்கிறார். அதனால் அவர் எப்படி நகலெடுப்பார் என்பதைக் கணவரின் படியோடு பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிடலாம். நோட்டுகளில் அவர் மிகவும் நம்பத்தகுந்தவர். ஸ்லர்கள் மட்டும் இடம் மாறுகின்றன, கொஞ்சம் முன்னே தொடங்கும், கொஞ்சம் பின்னே முடியும், சில காணாமலே போகும். வீடு நிறைய குழந்தைகளோடு இத்தனை பக்கங்களை எழுதிக்கொடுத்த பெண்மணியைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. நமக்கு இந்தச் சூட்கள் கைக்கு வந்ததில் பெரும் பங்கு அவருடையது. ஆனால் ஒரு பதிப்பாசிரியருக்கு இதிலிருந்து ஒரு முடிவு கிடைக்கிறது: செல்லோ படியில் அவர் எழுதிய நோட்டை நம்பலாம், ஸ்லரை அப்படியே அச்சிட்டால் அது பாக் ஆகாது. சரி, திருத்தி அச்சிடலாமா? திருத்தினால் அது பதிப்பாசிரியரின் யூகம். நேர்மையாகச் செய்யக்கூடியது, எது யூகம் என்று காட்டிவிடுவதுதான். பேரென்ரைட்டர் பதிப்பகம் 2000இல் கொண்டுவந்த பதிப்பில் ஐந்து மூலங்களின் நிழற்படிகளையும் சேர்த்தே கொடுத்தார்கள். முடிவை வாசிப்பவரிடமே விடுகிறார்கள். அதைவிட மரியாதையான பதிப்பு எனக்குத் தெரியாது.

இதே சூட்களை 1890இல் பார்சிலோனாவின் ஒரு கடையில் 13 வயது பாப்லோ காசல்ஸ், பின்னாளில் உலகப் புகழ்பெற்ற செல்லோ கலைஞர், கண்டெடுத்த கதை பிரபலம். அவர் கையில் கிடைத்தது க்ரூட்ஸ்மாகர் பதிப்பு. அதே க்ரூட்ஸ்மாகர் இந்தச் சூட்களுக்குக் கச்சேரிக்கென்று செய்த இன்னொரு வடிவத்தில், மூலத்தில் இல்லாத கார்டுகளை (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை) சேர்த்து, சில இடங்களை வெட்டி, வேறு படைப்பு போலவே ஆக்கியிருக்கிறார். நல்ல வாசிப்பு பிழையில்லாத பிரதியிலிருந்துதான் பிறக்கும் என்று சொல்லிவிட முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

மூலப்படி இருந்தால், அல்லது இசையமைப்பாளர் உயிரோடு இருந்து அச்சைப் பார்த்தால் பிரச்சினை இருக்காது என்று நினைப்போம். பீத்தோவன் அந்த நினைப்பைக் கலைத்துவிடுவார். ஐந்தாம் சிம்ஃபனி 1809இல் அச்சானது. மூன்றாம் இயக்கத்தில் (பகுதியில்) இரண்டு பார் தவறாகக் கூடுதலாக நிற்கிறது, எடுத்துவிடுங்கள் என்று 1810இல் அவர் ப்ரைட்கோப் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். எடுக்கவில்லை. மெண்டல்ஸோன் முயற்சியால் 1846இல்தான் அந்தக் கடிதம் வெளியே வந்தது. பீத்தோவன் இறந்து அப்போது 19 வருடம்.

'ஹாமர்கிளாவியர்' சொனாட்டா, ஓபஸ் 106, இன்னும் சிக்கல். லண்டனில் அதை வெளியிட ஏற்பாடு செய்துகொண்டிருந்த மாணவர் ரீஸுக்கு, எல்லாம் அனுப்பி முடித்த பிறகு பீத்தோவனிடமிருந்து ஒரு குறிப்பு வருகிறது: மெதுவான இயக்கத்தின் தொடக்கத்தில் இரண்டு நோட்டு சேர்த்துக்கொள். அவ்வளவு பெரிய படைப்புக்கு இரண்டு நோட்டா என்று ரீஸ் திகைத்ததாகவும், சேர்த்துப் பார்த்தபோது அதன் விளைவைக் கண்டு வியந்ததாகவும் எழுதிவைத்திருக்கிறார். இப்படி இரண்டு நோட்டுக்காக மெனக்கெட்ட அதே மனிதர், லண்டனுக்கு ஒத்துவரவில்லை என்றால் இயக்கங்களின் வரிசையை மாற்றிக்கொள், சிலதை விட்டுவிடு என்றும் அதே ரீஸுக்கு 1819இல் எழுதுகிறார். இதில் எது 'ஆசிரியரின் விருப்பம்'? முதல் இயக்கத்தில், தொடக்கக் கரு திரும்பி வருவதற்குச் சற்று முன், ஏ ஷார்ப்பா ஏ நேச்சுரலா என்று இன்றுவரை சண்டை நடக்கும் ஓர் இடம் இருக்கிறது. மூலப்படி தொலைந்துவிட்டது. அச்சில் நேச்சுரல் குறி (ஷார்ப்பை நீக்கும் குறி) இல்லை, ஆகவே ஷார்ப். ஆனால் பீத்தோவன் நேச்சுரல் போட அடிக்கடி மறப்பவர். இசை அறிஞர் டோவி ஷார்ப் என்றார், பியானிஸ்ட் சார்ல்ஸ் ரோசன் நேச்சுரல் என்றார். இருவரும் லேசுப்பட்டவர்கள் இல்லை. என் காது ஷார்ப்பின் பக்கம், அந்த விசித்திரமான திருப்பம் இந்தச் சொனாட்டாவின் குணத்துக்குப் பொருந்துகிறது. இது ரசனை, நிரூபணம் இல்லை. நேச்சுரல் வாசிப்பவரிடம் நான் வாதாடப் போகமாட்டேன்.

ஷோபானிடம் சிக்கல் வேறு மாதிரி. காப்புரிமைக்காக ஒரே படைப்பை பிரான்ஸ், ஜெர்மனி, இங்கிலாந்து என்று மூன்று நாட்டில் ஒரே சமயத்தில் அச்சிடுவார். மூன்றும் ஒன்றுபோல் இருக்காது. அதுபோக, பாடம் நடத்தும்போது மாணவர்களின் பிரதிகளில் பென்சிலால் மாற்றங்கள் எழுதுவார். சி மைனர் ப்ரெலூடின் (ஓபஸ் 28, எண் 20) மூன்றாம் பார் கடைசியில் முதல் அச்சுகளில் ஈ நேச்சுரல் இருக்கிறது. மாணவி ஜேன் ஸ்டெர்லிங்கின் பிரதியில் அவரே ஃபிளாட் போட்டிருக்கிறார். ஒரு மேகம் அந்த இடத்தில் விலகுகிறதா, விலகாமலே இருக்கிறதா என்பது அந்த ஒரே ஒரு குறியில் இருக்கிறது. யான் எக்கியர் தலைமையில் 2010இல் நிறைவடைந்த போலந்து தேசியப் பதிப்பு, இப்படிப்பட்ட மாற்று வடிவங்களைப் பின்னிணைப்பில் ஒளிக்காமல் நோட்டுப் பக்கத்திலேயே காட்டுகிறது. ஷோபான் வாங்குவதென்றால் நான் அதைத்தான் சொல்வேன்.

ஷூபர்ட்டைப் பற்றி ஒரு வரி: அவர் ஆக்சென்ட் (அழுத்தம்) குறியை மிகப் பெரிதாக எழுதுவார், அது டிமினுவெண்டோ போலவே தெரியும். 'கிரேட்' சி மேஜர் சிம்ஃபனியின் கடைசி ஸ்வரம் ஓங்கி அடிக்கிறதா, தேய்ந்து மறைகிறதா என்பதே அந்தக் கோட்டின் நீளத்தைப் பொறுத்தது.

இதுவரை சொன்னது காகிதத்தில் என்ன இருக்கிறது என்பது. அதை என்ன செய்வது என்பது தனிக் கதை. 'மூன்லைட்' சொனாட்டாவின் முதல் இயக்கம் முழுவதையும் 'சென்ஸா சோர்டினோ', அதாவது டாம்பர்களை (கம்பிகளின் ஒலியை அடக்கும் கட்டைகளை) பெடலால் தூக்கியே வைத்து வாசிக்கவேண்டும் என்று பீத்தோவன் எழுதியிருக்கிறார். பாடபேதமே இல்லை, ஐயமும் இல்லை. ஆனால் 1802இன் பியானோவில் சத்தம் சீக்கிரம் அடங்கிவிடும், இன்றைய ஸ்டெயின்வேயில் அது நெடுநேரம் நிற்கும். பெடலை எடுக்காமல் வாசித்தால் கார்டுகள் ஒன்றின் மேல் ஒன்று குழம்பும். பழைய பதிப்புகள் பல சத்தமில்லாமல் பாருக்குப் பார் பெடல் மாற்றச் சொல்லிவிட்டன, மூலக் குறிப்பு என்ன என்று மாணவருக்குத் தெரியவே வாய்ப்பில்லாமல் போயிற்று. பியானிஸ்ட் ஆண்ட்ராஸ் ஷிஃப், பீத்தோவன் எழுதியபடியே பெடலைப் பிடித்து வாசிக்கிறார், மெல்லத் தொட்டு. நான் மாணவர்களுக்குச் சொல்வது பாதிப் பெடல்: காலை முழுக்க எடுக்காமல், பழைய கார்டின் நிழல் புதியதில் கொஞ்சம் மிஞ்சும்படி. பீத்தோவன் கேட்டது அந்த மங்கல்தான், அது கேட்டால் போதும் என்று நினைக்கிறேன். ஆனால் இந்த முடிவை எடுக்க, அவர் உண்மையில் எழுதியது முதலில் என் கண்ணில் பட்டாக வேண்டும்.

இதே கணக்கில் பீத்தோவனின் பியானோ சொனாட்டா ஓபஸ் 10, எண் 3. முதல் இயக்கத்தில் ஆக்டேவ்களாக ஏறும் ஓர் இடம், உச்ச எஃப் ஷார்ப்பைத் தொடவேண்டிய கட்டத்தில் அது இல்லாமல் நின்றுவிடும். அன்றைய கீபோர்டு எஃப்-ஓடு முடிந்தது, அவ்வளவுதான் காரணம். பல பதிப்புகள் அந்த நோட்டைச் சேர்த்துவிட்டன. நான் சேர்த்தே வாசிக்கிறேன், ஆனால் அது சேர்த்தது என்று தெரிந்து.

இனி உங்கள் கைக்கு. புத்தகத்தைத் திறந்ததும் முதல் பாரைப் பார்க்காதீர்கள், தலைப்புப் பக்கத்தைப் பாருங்கள். பதிப்பாசிரியர் பெயர், வருடம் இரண்டும் இருக்கிறதா? இல்லையென்றால் சந்தேகத்தோடு வாசியுங்கள். அடுத்து முன்னுரையையும் கடைசியில் இருக்கும் குறிப்புகளையும் புரட்டுங்கள். எந்தெந்த மூலங்களைப் பார்த்தார், எங்கே எதைத் தேர்ந்தெடுத்தார் என்று சொல்லியிருக்க வேண்டும். புள்ளிக்கோட்டு ஸ்லர், அடைப்புக்குறிக்குள் குறி, சின்ன எழுத்து இவை எல்லாம் பதிப்பாசிரியர் சேர்த்தவை என்பதே பொதுவான வழக்கம். முன்னுரையில் அதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஒரே படைப்புக்கு ஒரு உர்டெக்ஸ்டும், கூடவே ஒரு பழைய கலைஞரின் பதிப்பும் பக்கத்தில் இருந்தால் மிக நல்லது. இலவசப் பிரதியை அதனால் அழித்துவிட வேண்டாம். பாக்கின் கையெழுத்துப் படிகளே 'பாக் டிஜிட்டல்' தளத்தில் இலவசமாகப் பார்க்கக் கிடைக்கின்றன. பீத்தோவன் படிகளுக்கு பான் நகரின் பீத்தோவன் ஹவுஸ் இருக்கிறது.

நீங்கள் தேர்வுக்கு வாசிக்கிறீர்களா என்று எழுதவில்லை. நம் ஊரில் பலரும் ஏபிஆர்எஸ்எம், டிரினிட்டி என்ற பிரிட்டிஷ் இசைத் தேர்வுகளின் கிரேடுகளுக்காகத்தான் இதையெல்லாம் எடுக்கிறார்கள். ஏபிஆர்எஸ்எம் பாடத்திட்டத்திலேயே, பதிப்பாசிரியர் சேர்த்த விரல் எண், வேகம் போன்றவற்றை அப்படியே பின்பற்றவேண்டிய கட்டாயமில்லை என்று இருக்கிறது. ஆகவே செர்னியின் க்ரெஷெண்டோவை வாசிக்காவிட்டால் மார்க் போய்விடும் என்ற பயம் வேண்டாம். எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் தட்டையாக வாசித்தால்தான் போகும். வெறுமையான பக்கம் என்றால் உணர்ச்சியில்லாமல் வாசி என்று அர்த்தமில்லை. ஹார்மனியைக் கேட்டு நீயே முடிவு செய் என்று பாக் தன் மாணவரை நம்பினார்.

இந்த ப்ரெலூடுக்கு நான் செய்யச் சொல்வது: முதல் 32 பாரில் ஒவ்வொன்றையும் முதலில் ஒரே கார்டாக, ஐந்து நோட்டையும் சேர்த்து அமுக்கி, 32 கார்டாக மெதுவாக வாசியுங்கள். எங்கே முறுக்கேறுகிறது, எங்கே தளர்கிறது என்று பென்சிலால் நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். கடைசி மூன்று பார் இந்த அமைப்பில் அடங்காது, அவற்றை அப்படியே விடலாம். 22, 23, 24 வரும்போது இடது கையைத் தனியாகக் கேளுங்கள். அதன் பிறகு செர்னியைத் திறந்து, உங்கள் பென்சில் குறிகளை அவருடையதோடு ஒப்பிடுங்கள். பல இடங்களில் ஒத்துப்போவீர்கள். ஒத்துப்போகாத இடங்களை ஆசிரியரிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டுங்கள், இரண்டு விதமாகவும்.